அன்றைக்குத் திரும்பிப் போன ஆமை முட்டையிட்டிருக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிப்ரவரி 14 இரவு, அதாவது சிவராத்திரிக்கு முந்தின ராத்திரி, நீங்களும் மூன்று நண்பர்களும் புதுச்சேரியிலிருந்து பைக்கில் வந்து, கடலூருக்குத் தெற்கே சாமியார்பேட்டைப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக டென்ட் அடித்திருக்கிறீர்கள். ஒன்றரை மணி வாக்கில் மணலில் எதையோ இழுக்கிற மாதிரி சத்தம். நாய் என்று நினைத்து மொபைல் டார்ச்சை அடித்தால், டென்ட் கயிற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு ஆமை முன்துடுப்பால் மணலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நான்கு பேரும் சுற்றி நின்று வீடியோ எடுத்தீர்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அது தோண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. மறுநாள் வீடியோவை ஓட்டிப் பார்த்தபோதுதான் அதன் கண்ணிலிருந்து நீர் வழிவதைக் கவனித்தீர்கள், அதிலிருந்து மனசு சரியில்லை. நீங்கள் கேட்டது மூன்று. அது அழுததா? வயிற்றில் இருந்த முட்டை என்ன ஆகும்? சித்திரை ஒன்றாம் தேதி லீவுக்கு அதே இடத்தில் மறுபடி டென்ட் போட்டு, கேம்ப் ஃபயர் எல்லாம் வைத்துக் காத்திருந்தால் அதைப் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: நாம் எதையாவது கெடுத்துவிட்டோமா? சொல்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, நான் பயப்படுகிற இடம் வேறு. அந்த மூன்றாவது கேள்வியில் 'கேம்ப் ஃபயர்' என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

யார் சொல்கிறார் என்று தெரியாமல் இந்த மாதிரி விஷயத்தில் எதையும் நம்ப வேண்டாம், அதனால் என்னைப் பற்றி இரண்டு வரி. கடலூர்ப் பக்கம் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பதினோரு பருவம், தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிகிறவரை, வனத்துறைக் காவலர்களோடும் மீனவப் பிள்ளைகளோடும் ராத்திரிக் கரையில் ஆமைத் தடம் தேடி நடந்திருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது நடப்பதில்லை. ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் கிடையாது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் என்னைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தது எது, படித்துச் சரிபார்த்தது எது, என் ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சுலபமானது. அது அழவில்லை. கடல் ஆமைக்குக் குடிநீரும் உப்பு, சாப்பாடும் உப்பு. உடம்பில் சேரும் அவ்வளவு உப்பையும் சிறுநீரகத்தால் மட்டும் வெளியே தள்ள முடியாது. அதற்காகக் கண்ணுக்குப் பின்னால் சுரப்பி இருக்கிறது, அது கடல் நீரைவிடக் கரிப்பான திரவத்தை விடாமல் கசியவிடும். தண்ணீருக்குள் இருக்கும்போதும் கசிந்துகொண்டேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. கரைக்கு வந்தால் அது கொழகொழவென்று கன்னத்தில் இறங்கும், மணல் அதில் ஒட்டிக்கொள்ளும், அழுகிற முகம் போலவே ஆகிவிடும். கண்ணில் விழுகிற மணலைக் கழுவவும் அது உதவுகிறது. இதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்துக் குப்பத்தில் ஒரு ஆயா இருந்தார், "புள்ள பெற வந்தவ அழமாட்டாளா?" என்பார். அவரிடம் உப்புச் சுரப்பியைப் பற்றி விளக்கித் தோற்றுப் போனவன் நான்.

நீங்கள் பார்த்தது, வர்ணனையை வைத்துச் சொன்னால், பேப்பரில் ஆலிவ் ரிட்லி என்று போடுகிறார்களே அதுதான். மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட, மேலே இருந்து பார்த்தால் இதய வடிவம், நிறம் சாம்பல் கலந்த பச்சை, எடை நாற்பது கிலோவுக்கு முன்பின். கடல் ஆமைகளில் சிறிய இனம் இது. ஒடிசாவில் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் கரையேறுவது இதே ஆமைதான், அங்கே ஒன்று புதைத்த முட்டையை இன்னொன்று தோண்டிப் போடும் அளவுக்கு நெரிசல். நம் கரைக்கு அப்படி வருவதில்லை. ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக, இருட்டில், யாருக்கும் தெரியாமல் வந்து போகும். ஜனவரியில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும்தான் அதிகம். உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் ஏன் பார்த்ததில்லை என்றால், அங்கே கரையின் பெரும்பகுதி கொட்டி வைத்த கருங்கல். ஆமைக்கு வேண்டியது மணல், அதுவும் அலை எட்டாத மேட்டு மணல்.

சரி, உங்கள் வெளிச்சம்தான் அதைத் திருப்பி அனுப்பியதா? இதில் உறுதியான பாதி ஒன்று இருக்கிறது, உறுதியில்லாத பாதி ஒன்று இருக்கிறது. உறுதியானது: கரையேறுகிற ஆமை, முட்டை விழ ஆரம்பிக்கிறவரைக்கும் ரொம்ப உஷாராக இருக்கும். டார்ச் வெளிச்சம், ஆள் நடமாட்டம், நாய், எதுவானாலும் திரும்பிவிடும். பின்துடுப்பால் குழியைப் பறித்து முட்டை விட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. அப்போது ஒரு மயக்கம் போல இருக்கும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டுத்தான் நகரும். உங்கள் ஆமை முன்துடுப்பால் மேல் மணலை ஒதுக்கிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். அது முதல் கட்டம், படுக்கை சரி செய்கிற கட்டம். குழியே இன்னும் தொடங்கவில்லை. ஆகவே முட்டை எதுவும் அங்கே விழவில்லை, பாதியில் கைவிடப்படவும் இல்லை, இதை ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்.

உறுதியில்லாத பாதி: அது உங்களால்தான் திரும்பியதா என்பது. நான்கு விளக்கு, நான்கு ஆள், அமாவாசை நெருங்கிய கும்மிருட்டு, இதை எல்லாம் வைத்துப் பார்த்தால் காரணம் நீங்கள்தான் என்றுதான் நானும் சொல்வேன், சமாதானத்துக்காக மாற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு மனித வாடை இல்லாத கரையிலும் ஆமை ஏறி, சும்மா ஒரு வளைவு வளைந்து, திரும்பிப் போன தடத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணல் அதிகம் காய்ந்திருந்தால் தோண்டத் தோண்டச் சரிந்து குழி நிற்காது. சவுக்கு வேர் குறுக்கே வரும். அடும்பங்கொடி, ராவணன் மீசைப் புல் படர்ந்த இடத்தில் சில நேரம் சிக்கிக்கொண்டு பின்வாங்கும். சில சமயம் ஏன் என்றே தெரியாது, மார்க்கெட்டுக்கு வந்து கத்திரிக்காயை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி போய்விடும். காலையில் அதே இடத்தில் உங்கள் கால் தடத்துக்கு நடுவில் அதன் தடத்தைப் படித்திருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். அலை கழுவாத மேட்டில் அது டிராக்டர் டயர் போன மாதிரி தெரியும். இந்த இனம் இடது வலதாகத் துடுப்பு மாற்றி மாற்றிப் போடும், அதனால் இரண்டு பக்கக் கீறலும் நேருக்கு நேர் இல்லாமல் முன்னும் பின்னுமாக விழும்.

முட்டை என்ன ஆகும்? திரும்பிப் போன ஆமை அதே இரவில் சற்றுத் தள்ளியோ, அடுத்த ஓரிரு இரவுகளிலோ மறுபடி ஏறுவது வழக்கம். முட்டை வயிற்றிலேயே கெட்டுப் போய்விடாது, சில நாள் தாங்கும். நாங்கள் தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு முறை, பின்துடுப்பில் ஒரு துண்டு குறைந்த ஆமையைப் பதினொரு மணிக்குத் திரும்பிப் போகப் பார்த்தோம், மூன்றரை மணிக்கு அரைக் கிலோமீட்டர் வடக்கே அதே குறைத் துடுப்பு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை பார்த்தது ஒரு தடவைதான், அதை வைத்து எல்லா ஆமைக்கும் சட்டம் எழுத முடியாது. திரும்பத் திரும்ப விரட்டப்பட்டால் வேறு வழியில்லாமல் கடலிலேயே முட்டையை விட்டுவிடும், அந்த முட்டை பிழைக்காது. மணலுக்குள் காற்று வாங்கி வளர வேண்டிய கரு தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு இரவு போதாது. எனவே உங்கள் ஆமை எங்கோ பக்கத்தில், அன்றைக்கோ மறுநாள் சிவராத்திரி அன்றோ, நூற்றுக்கு மேல் முட்டையைப் புதைத்துவிட்டு, அதன் மேல் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைத் திமிசு போட்டுவிட்டுப் போயிருக்கும் என்பதுதான் என் கணக்கு. அந்தத் திமிசு போடுகிற சத்தம், தொம் தொம் என்று, இருபது அடி தள்ளிப் படுத்திருந்தாலும் கேட்கும். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்திருந்தால் அதைக் கேட்டிருப்பீர்கள், அது மட்டும்தான் உங்களுக்கு நஷ்டம்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், ஆமைக்கு நடக்கிற பெரிய கொடுமையோடு ஒப்பிட்டால் உங்கள் டார்ச் ஒன்றுமே இல்லை. ஆமைக்கு இருப்பது நுரையீரல். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதே, அந்தச் சாவுக்கு இழுவலைகளைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். இதை எழுதினால் விசைப்படகுக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். அதில் இருப்பவர்களிலும் என் மாணவர்கள் உண்டு, அவர்களுக்கும் இது தெரியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஆமைக்காக நடக்க ஆரம்பித்ததே ஒரு கேம்ப்பில் செய்த தப்பினால்தான். 2010 ஏப்ரல். பரீட்சை முடிந்த வாரம். பள்ளியில் இயற்கைக் கழகம் என்று பெயருக்கு ஒன்று வைத்திருந்தேன், அதில் ஏழு பையன்கள். கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கலாம் சார் என்று ஒரு வருஷமாக நச்சரித்தார்கள். புதுக்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அப்போது அங்கே சவுக்கு நன்றாக ஓங்கி நின்றது (2011 டிசம்பரில் தானே புயல் வந்து அந்தத் தோப்பைப் படுக்க வைத்துவிட்டது, இப்போது இருப்பது பிறகு நட்டது). டென்ட் என்றால் உங்களுடையது மாதிரி இல்லை, தார்ப்பாய், நான்கு சவுக்குக் கம்பு, நைலான் கயிறு. தோப்புக்கும் அலைக்கும் நடுவில், திறந்த மணலில்தான் கட்டினோம், காற்று நன்றாக வரும் என்று. சாயங்காலம் கரையில் சங்கரா மீன் வாங்கி, சவுக்கு மிலார் பொறுக்கி, அடுப்பு கூட்டிக் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட பிறகு அடுப்பை அணைக்கவில்லை. இருக்கிற கட்டையை எல்லாம் போட்டுப் பெரிதாக வளர்த்துச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. ஏழு பையன்களில் ஒருவன் நன்றாகப் பாடுவான், மற்ற ஆறு பேரும் அவனைப் பாடவிடாமல் பாடினார்கள்.

பத்து மணி இருக்கும். ஒரு பையன், "சார், நண்டு வருது சார்" என்றான். கருப்பாக, சின்னதாக, மணலில் என்னென்னவோ நகர்ந்து வந்தன. நண்டு பக்கவாட்டில் ஓடும், இவை நேராக வந்தன. நேராக எங்களைப் பார்த்து. அதாவது எங்கள் நெருப்பைப் பார்த்து. விலங்கியல் வாத்தியார், வகுப்பில் ஊர்வன பாடம் நடத்துகிறவன், எனக்கு அது என்ன என்று புரிய அரை நிமிடம் ஆனது. கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்குப் பொருத்தமே இல்லாத நீளமான துடுப்பு, பொம்மைக்குச் சாவி கொடுத்துவிட்ட மாதிரி ஒரே வேகம். முன்னால் வந்தவை ஏற்கெனவே கங்குக்குள் போயிருந்தன. நாங்கள் பாட்டுக் கச்சேரியில் அதைக் கவனிக்கவே இல்லை. பையன்கள் பதறி எழுந்ததில் ஒன்றிரண்டு மிதிபட்டன. நான் "யாரும் நகராதீங்கடா" என்று கத்துகிறேன், என் காலடியிலும் ஒன்று இருக்கிறது.

சத்தம் கேட்டு, கரையில் படகு ஓரமாகப் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. "வாத்தியாரே, மொதல்ல நெருப்ப அணைங்க. அதுங்க கடல்னு நெனச்சிக்கிட்டு வருதுங்க" என்றார். குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் ஊற்றினோம், மேலே மணலைத் தள்ளினோம். டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். அந்த இருட்டில் அப்படியே நின்றோம். கண் பழகப் பழக மணல் எங்கும் சின்னச் சின்ன அசைவு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவற்றில் பாதி தானாகவே வளைந்து கிழக்கே திரும்பின. மீதி, தோப்புப் பக்கம் வேருக்கடியில் போய் மாட்டிக்கொண்டவை, அவற்றைப் பெரியவர் தடவித் தடவி எடுத்துத் தன் மீன் கூடையில் போட்டு, ஈர மணல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டார். தண்ணீரில் போடவில்லை, ஈர மணலில். அதிலிருந்து அலை வரைக்கும் அவையே நடக்கட்டும் என்றார். காரணம் கேட்டதற்கு, "நடந்து போனாத்தான் கரை ஞாபகம் இருக்கும்" என்றார். காலையில் சாம்பலைக் கிளறினேன். கருகிய ஓடு பதினொன்று. ஒரு பையன் அன்றைக்குக் காலை டிபன் சாப்பிடவில்லை. அவன்தான் அடுத்த வருஷம் என்னோடு முதல் ராத்திரி நடக்க வந்தவன்.

ஏன் நெருப்பைத் தேடி வந்தன? இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம், இதில் ஊகம் இல்லை. குஞ்சுகள் முட்டையை உடைத்ததும் மேலே வந்துவிடுவதில்லை. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஒன்றரை அடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளி மேலேறும், மேல் மணலின் சூடு ஆறுகிறவரை அடியிலேயே காத்திருக்கும். மணல் குளிர்ந்தால் ராத்திரி என்று அதற்குக் கணக்கு. வெளியே வந்தவுடன் பார்ப்பது ஒன்றைத்தான்: தாழ்வாக, வெளிச்சமாக இருக்கிற திசை எது? கோடிக்கணக்கான வருஷமாக அதற்குப் பதில் கடல்தான். நட்சத்திர வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்கும், மேற்கே மணல்மேடும் மரமும் கறுப்பாக உயர்ந்து நிற்கும். கறுப்புக்கு முதுகைக் காட்டு, வெளிச்சத்துக்குப் போ, இவ்வளவுதான் அதன் வழிகாட்டி. நாம் மேற்கே ஒரு டியூப் லைட்டையோ, ஹைமாஸ் விளக்கையோ, ஒரு அடுப்பையோ வைத்தால் அந்த வழிகாட்டி தலைகீழாகிவிடும். தாய் ஆமைக்கு ஆபத்து என்று தெரிந்தால் திரும்பிப் போகத் தெரியும், நாளை வரலாம் என்று அதற்கு இன்னொரு ராத்திரி இருக்கிறது. குஞ்சுக்கு அந்த ஒரு ராத்திரிதான். வயிற்றில் மிச்சம் இருக்கிற கருவுணவை வைத்துத்தான் முதல் சில நாள் ஆழ்கடல் நோக்கி நீந்த வேண்டும், அதைத் தோப்புக்குள் சுற்றிச் சுற்றியே செலவழித்துவிட்டால், கடலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் தள்ளாடும். விடிந்துவிட்டால் காக்கை, அதற்கு முன்னால் நாய், நரி, நண்டு.

பெரியவர் சொன்ன 'கரை ஞாபகம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்த கரைப் பகுதிக்கே கடல் ஆமைகள் வளர்ந்து திரும்புகின்றன என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது, பூமியின் காந்தப் புலத்தை வைத்து வழி கண்டுபிடிக்கின்றன என்பதும் சோதனையில் தெரிந்தது. ஆனால் அந்தச் சில அடி நடையில்தான் அது பதிகிறதா என்பது ஒரு கருத்து, அவ்வளவுதான். அதே போல 'ஆயிரத்தில் ஒன்றுதான் பெரியதாகும்' என்று எல்லோரும் சொல்வதும் ஒரு மதிப்பீடு, யாரும் எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. நம் சங்கப் பாட்டிலேயே அடும்பங்கொடியை ஒதுக்கி வெண்மணலில் ஆமை முட்டையைப் புதைக்கிற காட்சி வருகிறது, அதைப் பாடியவர் கரையில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்று சேர்த்துச் சொன்னதுதான் நடப்புக்கு ஒத்துவரவில்லை. நம் பங்குனி ஆமையில் ஆண் கரைப் பக்கமே வராது, பெண்ணும் புதைத்த கையோடு போய்விடும். காவலுக்கு யாரும் கிடையாது.

இப்போது காலண்டரை எடுங்கள். இந்த முட்டை பொரிய நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும், மணலின் சூட்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின். (அதே சூடுதான் ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண்.) பிப்ரவரி 14-க்கோ அதற்கு ஓரிரு நாள் கழித்தோ உங்கள் ஆமை புதைத்திருந்தால், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் குஞ்சு வெளியே வர வேண்டும். சித்திரை ஒன்று ஏப்ரல் 14. அதே தோப்பு, அதே மணல், ராத்திரி, கேம்ப் ஃபயர். நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்று இப்போது புரியும். தாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். அதே ஆமையை மறுபடி பார்ப்பது நடக்காத காரியம், அதற்குள் அது கிளம்பியிருக்கும். ஆனால் அது விட்டுப் போனவற்றை நீங்கள் பார்க்கலாம், நான் பார்த்த மாதிரியே பார்த்துவிடக் கூடாது.

வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாருங்கள், நெருப்பு இல்லாமல் வாருங்கள். புதுச்சத்திரத்திலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், அல்லது வெளிச்சம் இருக்கும்போதே சமையலை முடித்து அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். டென்ட்டைத் திறந்த மணலில் போடாமல் தோப்புக்கு மேற்கே, கடல் தெரியாத இடமாகப் பார்த்துப் போடுங்கள். முன்னதாகக் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் ராத்திரி ரோந்து வந்து கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். பைக்கை மணலில் இறக்க வேண்டாம், டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் அந்தப் பள்ளத்தோடே கிலோமீட்டர் கணக்கில் நடக்கும், இதையும் பார்த்திருக்கிறேன். டார்ச் கட்டாயம் வேண்டும் என்றால் (பாம்பும் உள்ள இடம்தான், வேண்டாம் என்று சொல்ல முடியாது) கண்ணாடி மேல் சிவப்பு ஜிகினா பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டித் தரையைப் பார்த்து அடியுங்கள், சிவப்பு ஆமையின் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. முற்றிலும் உறுத்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த வருஷம் மாசியில் தாய் ஆமை எதிரே வந்தால், விளக்கை அணைத்து, அதன் முன்பக்கம் போகாமல், அப்படியே மணலில் படுத்துவிடுங்கள். அரை மணி நேரம். மணல் தெறிப்பது நின்றால் முட்டை விழுகிறது என்று அர்த்தம், அப்போது பின்பக்கமாகத் தவழ்ந்து போய்ப் பார்க்கலாம்.

இதைவிட நல்ல வழி, வனத்துறை அலுவலகத்தில் கேட்டு ராத்திரி நடைக்கு அவர்களோடு சேர்ந்துகொள்வது, அல்லது ஹேச்சரியில் (முட்டையை வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிற இடம்) குஞ்சு விடுகிற அன்றைக்குப் போவது. முட்டையை எடுத்து வேலி போட்ட இடத்தில் மறுபடி புதைப்பது சரியா, அதது இட்ட இடத்திலேயே விட்டுவிடலாமா என்று ஒரு சண்டை உண்டு. இட்ட இடமே சிறந்தது என்பதுதான் கொள்கை. நாயும் விளக்கும் மண் அரிப்பும் இருக்கிற நம் கரையில் ஹேச்சரி தேவை என்பது என் அனுபவம். ஆனால் அதைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தாமதமாக எடுத்து உருட்டினால் உள்ளே ஒட்டிய கரு பிய்ந்துவிடும். நீங்களாகக் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டாம், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், முட்டையைத் தொட்டாலும் சிறை வரை போகும். எதிர்பாராமல் பார்த்ததற்கு யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். வீடியோவை மட்டும் இடத்தின் பெயரோடு போடாதீர்கள். போட்டால் அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் நாற்பது டார்ச்சோடு வருவார்கள்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று உங்கள் நண்பரின் அம்மா பயப்படுகிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது டென்ட்டுக்குள் புகவில்லை, உங்கள் டென்ட்தான் அதன் வீட்டு வாசலில் புகுந்திருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு உதவி வேண்டும். அந்த இடத்துக்கு அடையாளம், பக்கத்தில் படகுத் துறையோ, கோயிலோ, தோப்புக்குள் போகிற பாதையோ ஏதாவது ஞாபகம் இருந்தால், இங்கே எழுதாமல் கடலூர் வனத்துறை அலுவலகத்தில் தேதியோடு சொல்லிவிடுங்கள். பிப்ரவரி 14 இரவு ஒன்றரை மணி, முட்டையிடாமல் திரும்பியது, இவ்வளவு போதும். மார்ச் கடைசி வாரத்திலிருந்து அந்த அரைக் கிலோமீட்டரை ராத்திரி நடக்கிற பையன்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார்கள்.